பெயர் கடைசியில்தான் வரும்: போர்க்காலப் பத்திரிகைப் படங்களைப் படிக்கும் முறை

ஆகஸ்ட் மாதம் நெருங்கினால் போதும், சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் பழைய போர்க்காலப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். பேச்சுக்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பேருந்து, அதன் முன்னால் ஐந்து சிப்பாய்கள், ஓரத்தில் ஒரு கடைப் பலகை, பின்னால் நீண்ட மலை. கீழே ஒரு வரி: ‘இரண்டாம் உலகப் போருக்குப் புறப்படும் சேலம் வீரர்கள், ஏற்காடு அடிவாரம், 1942.’ ஒரு மணி நேரம்கூட ஆகாது. ‘இடமிருந்து இரண்டாவது நிற்பவர் எங்கள் தாத்தா’ என்று ஒருவர் எழுதுவார். அதே முகத்தைத் தன் பெரியப்பா என்பார் இன்னொருவர். பொய் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் எண்ணமில்லை. முகத்தில் தொடங்கியதுதான் தவறு.

படத்தை ஆராய்கிறவர்கள் போகும் வரிசையே வேறு. கையில் இருப்பது எந்த நிலைப் படம், எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, என்ன சந்தர்ப்பம் ஆகிய நான்குக்கும் விடை கிடைத்த பிறகே யார் என்ற கேள்விக்கு வருவார்கள். முதல் நான்கில் ஒன்று தவறினாலும் ஐந்தாவது வெறும் ஆசையாகிவிடும். அதே வரிசையில் நம் படத்தைப் பார்ப்போம்.

கையில் இருப்பது எது?

பழைய பத்திரிகைப் படம் ஒன்று நம் கைப்பேசிக்கு வருவதற்குள் நான்கைந்து பிறவி எடுத்திருக்கும்.

1. நெகட்டிவ்: கேமராவுக்குள் இருந்த கண்ணாடித் தகடு அல்லது பிலிம். ஒளி நேரடியாக விழுந்தது இதில்தான்.
2. பிரிண்ட்: நெகட்டிவிலிருந்து தாளில் எடுத்த படி. ஓரம் வெட்டுவதும் தூரிகையால் டச்சப் செய்வதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கும்.
3. பிளாக்: பத்திரிகையில் அச்சிடுவதற்காகப் படத்தைச் சிறு சிறு புள்ளிகளாக மாற்றிய உலோகத் தகடு.
4. அச்சான பக்கம். அதை ஸ்கேன் செய்தது. அந்த ஸ்கேனைக் கைப்பேசியில் படம் பிடித்தது.

மூன்றாவது கட்டத்தைத் தாண்டிய படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிகள்தான் பெரிதாகும். சிப்பாயின் தோள் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அதில் தேடுவது வீண் வேலை. அதே படத்தின் பிரிண்ட் கிடைத்தால் ஒரு சாதாரண பூதக்கண்ணாடியே போதும். ஆகவே முதல் வேலை, இதைவிட முந்தைய பிறவி எங்காவது இருக்கிறதா என்று தேடுவது.

இடவலம் மாறியிருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிட வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு எடுத்த பிரிண்ட்கள் ஏராளம். ராணுவப் பதக்கங்கள் இடது மார்பில் இருக்கும், நம் ஊர்ப் பேருந்தில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும். இவை நம்பத்தக்கவை. சேலை முந்தானையை மட்டும் நம்பக் கூடாது. மடிசாரிலேயே ஐயர் வீட்டுக் கட்டு வலத் தோளிலும் ஐயங்கார் வீட்டுக் கட்டு இடத் தோளிலும் வரும்.

படக்குறிப்பு யாருடைய சொல்?

படத்தின் கீழே உள்ள வரியை எழுதியவர் பெரும்பாலும் படம் எடுத்தவர் அல்ல. போர்க்காலத்தில் தணிக்கை அதிகாரி ஒருவர் நடுவில் இருந்தார். இடப்பெயரை எடுத்துவிட்டு, ‘இந்தியாவில் ஓர் இடம்’ என்ற மாதிரி மொட்டையாக எழுத வைப்பார்கள். படைப்பிரிவின் சின்னத்தைப் படத்திலேயே சுரண்டி அழித்ததும் உண்டு. பிரிண்டின் பின்புறம் குத்தியிருக்கும் தேதி முத்திரையும் பல சமயம் படம் அலுவலகத்துக்கு வந்த நாளையோ அச்சேறிய நாளையோதான் காட்டும்.

நம் பக்கத்துக்கு என்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. போர்க்காலக் குறிப்பில் ‘சேலம் மாவட்டம்’ என்று இருந்தால் அது இன்றைய சேலம் அல்ல. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முன் ஓசூரும் கிருஷ்ணகிரியும்கூட சேலம் மாவட்டம். ஓசூர்ப் பக்கம் ராணுவத்துக்கு ஆள் எடுத்த படத்துக்குச் ‘சேலத்தில்’ என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தால் அன்றைக்கு அது சரி. அதை வைத்துக்கொண்டு நாம் அஸ்தம்பட்டியில் தெருத் தெருவாகத் தேடினால் கிடைக்காது.

குறிப்பு எவ்வளவு காலம் ஏமாற்றும் என்பதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. குழியின் விளிம்பில் மண்டியிட்ட ஒருவரின் தலைக்குப் பின்னால் ஜெர்மானியச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டும் படம், ‘வின்னிட்சாவின் கடைசி யூதர்’ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் வழங்கியது. வரலாற்றாய்வாளர் யூர்கன் மத்தேயுஸ் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரு ராணுவ அதிகாரியின் போர்க்கால நாட்குறிப்பு கிடைத்த பிறகுதான், இடம் வின்னிட்சா அல்ல, உக்ரைனிலேயே உள்ள பெர்டிச்சிவ் என்றும் நாள் 1941 ஜூலை 28 என்றும் தெளிவானது. இடமும் நாளும் நிலைப்பட்டபின், அன்று அங்கே இருந்த படைப்பிரிவு எது என்று தேட முடிந்தது. கடைசியில் 2025-இல் சுட்டவரின் பெயர் வெளியானது. மண்டியிட்டவர் யார் என்பது அப்போதும் தெரியவில்லை.

சிவப்பு ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் சாம்பல் நிறம் கண் பார்த்த வெளிச்சம் அல்ல, பிலிம் உணர்ந்த வெளிச்சம். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவலாக இருந்தது ஆர்த்தோகுரோமாட்டிக் வகை. அதற்குச் சிவப்பு தெரியவே தெரியாது. சிவப்பு அதில் கறுப்பாகிவிடும், நீலம் வெளுத்துவிடும். பிறகு வந்த பான்குரோமாட்டிக் பிலிம் எல்லா நிறத்தையும் உணர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் இந்த வகை. ஆனால் ஆர்த்தோ பிலிமைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பதால் ஸ்டுடியோக்களில் அது உடனே மறைந்துவிடவில்லை.

விளைவு என்ன? பாட்டியின் நெற்றியில் இருப்பது கறுப்புச் சாந்துப் பொட்டு போலத் தெரியும், உண்மையில் அது குங்குமமாக இருக்கும். அரக்குக் கரைச் சேலை கறுப்புக் கரையாகிவிடும். ஐந்தாவது இந்தியப் படைப்பிரிவின் சின்னம் கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம். ஆர்த்தோ பிலிமில் அது வெறும் கறுப்புச் சதுரமாக நிற்கும். இப்போது கணினியில் நிறமேற்றும்போது மென்பொருள் அந்தக் கறுப்பை அப்படியே நம்பி, கரைக்குக் கறுப்புப் பூசுகிறது. நிறமேற்றிய படத்தில் உள்ள நிறம் எதற்கும் சான்றாகாது.

மலைக்கும் இதே கதைதான். தூரத்து மலையின் மேல் நிற்கும் நீலப் புகைமூட்டம் ஆர்த்தோ பிலிமில் வெள்ளையாகிவிடும். சேர்வராயன் மலை முழுவதுமே வானத்தோடு கரைந்து காணாமல் போகலாம். ‘பின்னால் மலையே இல்லை, ஆகவே சேலம் இல்லை’ என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

மலையும் நிழலும்

கட்டடம் இடியும், சாலை அகலமாகும், மரம் போகும். முகட்டின் கோடு எண்பது ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. வெடி வைத்துக் கல்லெடுத்த குன்றுகள் மட்டும் இதற்கு விலக்கு. சேலத்தைச் சுற்றிச் சேர்வராயன், கஞ்சமலை, நகரமலை, ஜருகுமலை என்று ஆளுக்கொரு உருவம். நம் படத்தில் உள்ள முகட்டைத் தாளில் கோடாக வரைந்துகொண்டு, நகரின் பல இடங்களிலிருந்து இன்று தெரியும் முகட்டோடு ஒப்பிடலாம். நாம் நகர நகர முன்னால் உள்ள குன்றும் பின்னால் உள்ள முகடும் ஒன்றையொன்று மறைக்கும் விதம் மாறும். அந்த மறைப்பு எங்கே சரியாகப் பொருந்துகிறதோ, கேமரா நின்றது அந்தக் கோட்டில்தான்.

நம் படத்து முகடு சேர்வராயனோடு பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்வராயன் நகருக்கு வடக்கே இருப்பதால், கேமரா ஏறத்தாழ வடக்கு நோக்கியிருக்கிறது. இது தெரிந்ததும் தரையில் விழும் நிழல் பேச ஆரம்பிக்கும்.

சேலம் வட அட்சரேகை 11.65 பாகையில் இருக்கிறது. இதிலிருந்து கிடைக்கும் கணக்குகள் இவை:

1. ஏறத்தாழ ஏப்ரல் 21-ஆம் தேதியும் ஆகஸ்ட் 22-ஆம் தேதியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கோலுக்கு நிழலே இருக்காது.
2. அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும்.
3. செப்டம்பர் 23-க்கும் மார்ச் 21-க்கும் இடையில் காலை, மாலை எந்த நேரமானாலும் நிழல் தெற்குப் பக்கம் சாயாது.
4. நண்பகல் நிழல் மிக நீளமாக இருப்பது டிசம்பர் 21-ஐ ஒட்டி. அப்போதும் உயரத்தில் பத்தில் ஏழு பங்குதான். ஐந்தரை அடி ஆளுக்கு நிழல் நான்கு அடிக்குள் அடங்கிவிடும்.
5. ஜூன் 21-ஐ ஒட்டித் தெற்கே விழும் நண்பகல் நிழல் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

நம் படத்தில் சிப்பாய்களின் நிழல் குட்டையாக, மலைப் பக்கம் போகாமல் கேமராவை நோக்கி விழுகிறது. அப்படியானால் நண்பகலை ஒட்டிய நேரம், ஏப்ரல் கடைசிக்கும் ஆகஸ்ட் கடைசிக்கும் இடைப்பட்ட காலம். ‘ஜனவரியில் புறப்பட்டார்கள்’ என்று ஒரு குறிப்பு சொன்னால் அதை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

சுவர்க் கடிகாரம் படத்தில் விழுந்திருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இன்றைய கணக்கில் சேலத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 17 நிமிடத்துக்கு. அந்த ஆண்டுகளில் கடிகாரம் அப்போது 1 மணி 17 நிமிடம் காட்டியிருக்கும். நிழல் உச்சிப்பொழுதைச் சொல்லி, கடிகாரம் ஒன்றேகால் காட்டினால், அந்தப் படம் போர்க்காலத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

நிழல் கணக்கு விளையாட்டல்ல. 1945 ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட் எடுத்த மாலுமி முத்தப் படத்தில் இருப்பவர்கள் நாங்களே என்று பலர் உரிமை கொண்டாடினார்கள். டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஓல்சனும் அவரது கூட்டாளிகளும் பின்னணிக் கட்டடத்தின் மேல் விழுந்த ஒரு நிழலை அளந்து, படம் எடுத்த நேரம் மாலை 5 மணி 51 நிமிடம் என்று 2015-இல் வெளியிட்டார்கள். அன்று பிற்பகல் இரண்டு மணி வாக்கில் நடந்ததாகச் சொன்ன கதை அதோடு பொருந்தாமல் போனது.

பலகையில் உள்ள ‘லை’

தமிழ்ப் பலகை ஒன்று படத்தில் இருந்தால் அதை விடவே கூடாது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போல முன்னால் வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் காலோடு சேர்ந்து சுழிந்திருந்தன. இவற்றின் ஒகர, ஓகார வடிவங்களையும் சேர்த்தால் பதின்மூன்று எழுத்துகள் மாறின.

‘சேலம்’, ‘ஏற்காடு’ ஆகிய சொற்களில் இந்த எழுத்துகள் இல்லை. ‘மலை’, ‘சாலை’, ‘அணை’, ‘விற்பனை’ இவற்றில் தேட வேண்டும். ‘இராணுவம்’ என்பதில் உள்ள ‘ணு’ மாறாத எழுத்து, ‘விற்பனை’யில் உள்ள ‘னை’ மாறிய எழுத்து என்று சொல்லுக்குச் சொல் பார்த்தாக வேண்டும். 1942 என்று சொல்லும் படத்தில் கடைப் பலகையின் ‘விற்பனை’ இன்றைய வடிவில் இருந்தால் அது போர்க்காலப் படம் அல்ல என்று சந்தேகிக்கக் காரணம் வந்துவிட்டது. ஒரே ஒரு விலக்கு உண்டு. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். சேலம் அந்த இயக்கம் வலுவாக இருந்த ஊர். 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானதும் இங்கேதான். ஆகவே கட்சிப் பந்தலின் வளைவில் புதிய ‘லை’ இருந்தால் வியப்பில்லை, மளிகைக் கடைப் பலகையில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

ரயில் படமானால், தென்னிந்திய ரயில்வேயின் ‘எஸ்.ஐ.ஆர்.’ எழுத்துகள் 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவாகும் முன்பு வந்தவை. பேருந்தின் பின்னால் பெரிய இரும்பு உருளை இருந்தால் அது கரி பஸ். பெட்ரோல் கட்டுப்பாட்டின்போது கரியை எரித்து வரும் வாயுவில் ஓடியது. நம் படத்துப் பேருந்தில் அந்த உருளை இருக்கிறது, கடைப் பலகையில் பழைய ‘னை’ இருக்கிறது.

சீருடை சொல்வதும் சொல்லாததும்

1. மதராஸ் ரெஜிமென்ட் 1920-களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மீண்டும் திரட்டப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் படத்தில் அந்தப் பெயர் இருந்தால் குறிப்பு தவறு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ், நம்மவர்கள் ‘தம்பி’ என்று பெயர் வாங்கிய படை, இடைவெளியின்றி இருந்தது.
2. பர்மா ஸ்டார் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது 1945 மே மாதம். அதன் பட்டி மார்பில் இருந்தால் படம் அதற்குப் பிந்தியது.
3. சட்டைக் கையில் பாயும் புலியும் ‘ஃப்ரைஸ் இந்தியன்’ என்ற ஜெர்மன் எழுத்தும் இருந்தால், அவர் ஜெர்மனியில் திரட்டப்பட்ட இந்தியப் படையைச் சேர்ந்தவர். சிங்கப்பூர், பர்மா பக்கத்து இந்திய தேசிய ராணுவத்தினர் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பகிரும் படங்கள் நிறைய.
4. நம் பக்கத்து வானில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து 1942-இல் சிவப்பு நடுப்பொட்டை நீக்கினார்கள். ஜப்பானியச் சூரியன் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக.

சேலத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், போர் நடந்துகொண்டிருந்தபோதே போரைக் கதையாக வைத்து ‘பர்மா ராணி’ படத்தை எடுத்தது. சீருடை, துப்பாக்கி, விமானம் எல்லாம் உள்ள சினிமா ஸ்டில் ஒன்று, இன்று போர்க்களப் படமாகச் சுற்றுவதற்கு எல்லாத் தகுதியும் உடையது. ஒளி பல திசைகளிலிருந்து சீராக விழுவதும், ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரியும்படி ஆட்கள் நிற்பதும் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்.

இனி முகம்

நம் படத்தில் சூரியன் ஏறத்தாழ உச்சியில் இருக்கிறது. காலத்தைக் கணிக்க உதவிய அதே வெயில், தொப்பி விளிம்பின் நிழலை ஐந்து பேரின் கண்கள் மேலும் போட்டிருக்கிறது. இந்த முகங்களைத்தான் ‘தெளிவாக்கித் தருகிறேன்’ என்று சில செயலிகள் சொல்கின்றன. அவை செய்வது தெளிவாக்கல் அல்ல. இல்லாத விவரத்தை, தாங்கள் பயின்ற வேறு ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து எடுத்து நிரப்புகின்றன. கிடைக்கும் முகம் அழகாக இருக்கும். அந்த ஐவரில் ஒருவரின் முகமாக இருக்காது. அதைத் தாத்தாவின் கல்யாணப் படத்தோடு ஒப்பிடுவது, ஓவியத்தை வைத்துக் கைரேகை பார்ப்பதுபோல.

முகத்தைவிடக் காது மேல். பெரியவர்களான பின் காதின் மடிப்பும் மடலின் ஒட்டும் அதிகம் மாறுவதில்லை. கடுக்கன் போட்ட துளை இருக்கிறதா என்பதும் ஒரு விவரம். ஆனால் உறுதியான முடிவுகள் பெரும்பாலும் உடைமைகளிலிருந்து வந்தவை. ஜப்பானின் ஐவோ ஜீமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசென்தால் எடுத்த கொடியேற்றப் படத்தில் ஆறு பேர். அமெரிக்க மரீன் படையே தந்த பெயர்ப் பட்டியலை மூன்று முறை திருத்த வேண்டி வந்தது: 1947, 2016, 2019. முதல் திருத்தத்துக்குக் காரணம், கொடியேற்றியவர்களில் ஒருவரான ஐரா ஹேய்ஸ் இறந்த நண்பனின் வீடு தேடிப் போய் உண்மையைச் சொன்னது. பிந்தையவற்றுக்குத் தொடக்கம், ஆர்வலர்கள் அன்றைய மற்ற படங்களையும் பரப்பி வைத்துத் தலைக்கவசத்தின் வார், இடுப்பில் தொங்கிய சாமான்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. உலகமே பார்த்த படத்துக்கு, சாட்சிகள் உயிரோடு இருந்தும் இந்த நிலை.

யாருக்குப் பெயர் இருக்கிறது?

மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அங்கே போனவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் பலரை ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து)–பர்மா மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். 1943 அக்டோபரில் முடிந்த, 415 கிலோமீட்டர் பாதை அது. போர்க்கைதிகள் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். பொதுமக்களாகிய தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, அடையாளம் தெரிந்தவர்களுக்குப் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. தொழிலாளர்களைக் காட்டும் படங்களின் குறிப்பில் ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்தான். அந்தப் படங்களில் ஒரு பெயரை மீட்பது எவ்வளவு பெரிய காரியமோ, தவறான பெயரை ஒட்டுவது அவ்வளவு பெரிய அநியாயம். ஒட்டிய நாளோடு தேடல் நின்றுவிடும், உண்மையான குடும்பத்துக்கு அந்த முகம் இரண்டாம் முறையும் தொலைந்துபோகும்.

அதனால் குறிப்பு எழுதும்போது, பார்த்ததையும் கணித்ததையும் கேட்டதையும் தனித்தனியாக எழுத வேண்டும். பிரிண்டின் பின்னால் பால்பாயின்ட் பேனா கூடாது, அழுத்தம் முன்புறம் தெரியும். மென்மையான பென்சில் போதும். நம் படத்துக்கு இப்படி எழுதலாம்:

‘கரி பஸ் முன் ஐந்து சிப்பாய்கள். பின்னணியில் சேர்வராயன் மலை (முகடு ஒப்பிட்டது), சேலத்திலிருந்து வடக்கு நோக்கி. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் இறுதிக்குள், நண்பகல் (நிழல்). 1940-களின் முதற்பாதி (கரி உருளை, பழைய னை எழுத்து). 1942 என்பது படத்தின் கீழே யாரோ எழுதியது. இடமிருந்து இரண்டாமவர் பற்றி இரண்டு குடும்பங்கள் சொல்கின்றன, ஒப்பிட வேறு படம் இல்லை. மற்ற நால்வர் பெயர் தெரியவில்லை.’